ஒரு சொட்டுக்கூட ஒழுகாது

உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் குழாய் ஒழுகுகிறது மேடம். உள்ளே வருமுன் கை கழுவினேன், அப்போது பார்த்தேன். வாஷர் போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு ஸ்பானர் இருந்தால் நானே மாற்றித் தந்துவிடுவேன். என் கையில் ஸ்பானர் கொடுக்கலாமா என்பதை நான் சொல்வதையெல்லாம் கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் பெயர் வின்ஸ்டன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை. போன மாதம் காவிரியில் மூழ்கி இறந்துபோன ஜோவிதாவின் கணவன். பொற்கொடி மேடம், அந்தக் கேஸை விசாரித்து முடித்தவர் நீங்கள்தான். அன்றைக்கு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "அழுதுபோடுங்க, அழுதாத்தான் ஆறும்" என்றீர்கள். அந்த அன்பை மறக்கமாட்டேன். ஆனால் கேஸில் ஒரு தப்பு இருக்கிறது. படகு ஒழுகி மூழ்கியது, விபத்து, என்று முடித்துவிட்டீர்கள். என் படகு அப்படித் தானாக மூழ்கக்கூடியதல்ல. அதைத் திருத்தத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததால் பேச்சு புத்தகத் தமிழில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் ரைட்டருக்கும் எழுதச் சுலபம்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பம்பில் சுற்றுகிற தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீரும் கூடவே வரப் பார்க்கும். அதைத் தடுக்க, கிரீஸில் ஊறிய ஒரு கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து நட்டுப் போட்டு இறுக்குவோம். அந்த இடத்துக்குக் கிளாண்டு என்று பெயர். தொழில் தெரிந்தவர்கள் அதில் அவ்வப்போது ஒரு சொட்டு விழ விடுவார்கள். அந்த ஈரத்தில்தான் தண்டு சூடேறாமல் ஓடும். எனக்கு அந்த ஒரு சொட்டும் பொறுக்காது. மேலும் ஒரு திருகு இறுக்கிவிடுவேன். பட்டறை போர்டில் என் பெயருக்குக் கீழே 'ஒரு சொட்டுக்கூட ஒழுகாது' என்று பெயிண்டரை வைத்து எழுதியிருக்கிறேன். எங்கள் பங்குத் தந்தை ஒருமுறை அதை நின்று படித்துவிட்டு, "மனுசனுக்கு வேர்வையாச்சும் ஒழுகோணுமப்பா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. என்னைப் பிறர் கேலி செய்தால் எனக்குச் சிரிப்பு வராது. நானே செய்துகொண்டால் தாராளமாகச் சிரிப்பேன். இன்று பூராவும் அப்படித்தான் பேசப்போகிறேன்.

ஜோவிதா சோமனூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் ஒவ்வொரு வருடமும் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தில் அவளும் இருப்பாள். கல்யாணமான பிறகு நான் விடவில்லை. ரோட்டில் லாரிகள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த வருடம் தையில் என் வலது கை லேத்தில் மாட்டிக்கொண்டது. விரல்கள் போய்விடும் என்றார்கள். போகவில்லை. கட்டுப் பிரித்த அன்று அவள், "மாதாகிட்ட நேர்ச்சை வெச்சிருக்கறனுங்க. இந்தத் தடவ நடந்தே போகோணும்" என்றாள்.

சரி என்று சொல்லி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்டேன்: "நேர்ச்சை நடக்கறதுக்கா, போய்ச் சேர்றதுக்கா?" அவள் யோசித்தாள். "காவேரித் தண்ணி அந்தப் பக்கந்தான போகுது. படகுல கூட்டிட்டுப் போறேன். படகு நானே செய்யறேன்" என்றேன்.

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி இது மேடம். கடையில் ஒரு பொருளைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது. இதை நாமே செய்துவிடலாமே என்றுதான் தோன்றும். ஃபைபர் படகு கடையில் கிடைக்கும், எடை குறைவு, கவிழ்ந்தாலும் மிதக்கும் என்று யூடியூபில் ஒருவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் இரும்புத் தகட்டில் செய்தேன். ஏனென்றால் எனக்கு இரும்புதான் தெரியும். பம்ப்செட் டீசல் என்ஜினை நடுவில் வைத்து, பின்னால் தண்டை வெளியே விட்டு விசிறி மாட்டினேன். தண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு கிளாண்டு. அந்தக் கிளாண்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிள்ளை இருந்திருந்தால்கூட அவ்வளவு கொஞ்சியிருப்பேனா என்று தெரியாது.

கொடுமுடிக்குக் கீழே படகை இறக்கினோம். ஜோவிதாவின் அண்ணன் ஜேக் தன் டெம்போவில் ஏற்றி வந்தார். அவர் இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்திருந்தார், நல்ல ஆரஞ்சு நிறம். ஜோவிதாவுக்கு நீச்சல் தெரியாது. அவள் ஆசையாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் என் முகத்தைப் படிக்க அவள் நன்றாகக் கற்றிருந்தாள். கழற்றி அண்ணனிடம் கொடுத்து, "இவரு செஞ்ச படகுக்கு இதெல்லாம் எதுக்குண்ணா" என்றாள். இரண்டு ஜாக்கெட்டும் டெம்போவிலேயே கோயமுத்தூர் திரும்பிப் போயின.

முதல் நாள் நாங்கள் அடித்த கூத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். என்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பசிக்கிறது என்றால் வயிற்றைத் தட்டவேண்டும், நிறுத்து என்றால் இரண்டு கையையும் தூக்கவேண்டும். அவள் ஏதோ மயில் பறப்பதைக் காட்டக் கை தூக்க, நான் என்ஜினை நிறுத்த, படகு கோரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. வெளியே இழுக்க மத்தியானம் ஆனது. சேற்றில் என் ஒரு செருப்பு போனது. மற்றதையும் வீசிவிட்டு, பாதயாத்திரைக்காரனைப் போல வெறுங்காலோடு படகில் உட்கார்ந்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சிரித்தால் அழகாக இருப்பாள்.

அடுத்த நாள் ஒரு ஊர் முழுக்கக் கரையோடு ஓடிவந்தது. வரவேற்கிறார்கள் என்று நினைத்து நான் கையைக் காட்டினேன். முதல் கல் என்ஜின் மேல் விழுந்ததும்தான் புரிந்தது. இரும்புப் படகு, டீசல் சத்தம், வெறுங்காலோடு ஒரு ஆள். மணல் திருட வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் கும்பிட்டேன், பட்டறை விசிட்டிங் கார்டைக்கூட எடுத்துக் காட்டினேன். எடுபடவில்லை. ஜோவிதா எழுந்து நின்று, "மாதா கோயலுக்குப் போறமுங்க! வேளாங்கண்ணிக்கு! இவுரு கை பொழச்சதுக்கு நேர்ச்சைங்க!" என்று கத்தினாள். கல்லைக் கீழே போட்டார்கள். அதே கையால் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "எங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி பத்தவெச்சுப்போடு கண்ணு" என்று அவளிடம் சொன்னார்கள். படகை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சரிங்க என்றார்கள்.

சாயங்காலம் ஆனால் படகை நிறுத்திவிட்டு அவள் ஜெபமாலை சொல்வாள், இரும்புத் தரையில் முழங்கால் போட்டு. பாய் தருகிறேன் என்றால் வாங்கமாட்டாள். "நடந்துருந்தாக் காலு வலிச்சிருக்குமுங்க. ஒரு வலியுமில்லாம மாதாகிட்டப் போய் நிக்க வெக்கமா இருக்குது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடிப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் பெண்டாட்டி, என் படகு, கீழே ஆறு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தது.

பிறகு ஒரு விடியற்காலை. இளநீர் வயிற்றைக் கலக்கி எழுப்பிவிட்டது. கொசுவலைக்குள் இருந்தபடியே பார்த்தேன். ஜோவிதா பின்பக்கம் முழங்கால் போட்டிருந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. என்ஜின் தண்டை மூடியிருந்த தரைப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, சொம்பால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராதபடி, ஒவ்வொரு சொம்பையும் படகின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிச் சாய்த்து ஊற்றினாள். அடியில் தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தது. எல்லாம் இறைத்து முடித்துத் தன் பழைய நைட்டியால் துடைத்து, பலகையைப் பழையபடி மூடினாள். அவள் கை போன வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது முதல் தடவை அல்ல என்று. பிறகு வந்து என் பக்கத்தில் படுத்து, குளிர்ந்த கையை என் முதுகில் வைத்துக்கொண்டாள். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

கிளாண்டில் இருந்துதான் வந்தது. நான் இறுக்கிய இறுக்கில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் தண்டு சூடேறி, உள்ளே கயிறு கருகியிருக்கிறது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவன் செய்யும் தப்பு. எனக்கு அவமானமாக இருந்தது மேடம். தப்பு செய்ததற்காக அல்ல. அவள் அதை மறைத்ததற்காக. படகு ஒழுகுகிறது என்று சொல்லிச் சிரித்திருந்தால் இரண்டு நாள் உர்ரென்று இருந்துவிட்டுச் சரிசெய்திருப்பேன். இவளோ என்னிடம் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று தினமும் எனக்கு முன்னால் எழுந்து இறைத்திருக்கிறாள். வேறு ஒருவனாக இருந்தால் எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்திருப்பான். அவனுக்கு இன்று பெண்டாட்டி உயிரோடு இருந்திருப்பாள்.

காலையில் அவள் ரவை கிண்டும்போது கேட்டேன்: "படகு எப்படி அம்மணி? எங்கியாச்சும் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகலீங்க. உங்க கைவேலைக்கு என்ன கொறச்சல்" என்றாள், கண்ணைப் பார்த்து, வாய் கூசாமல்.

அன்று அவளுக்கு நிறைய வாய்ப்புக் கொடுத்தேன். பலகையைத் திறந்து பார்க்கட்டுமா என்றேன். "எதுக்குங்க, பேசாம உக்காருங்க" என்றாள். பின்பக்கம் கனமாகப் போகிற மாதிரி இருக்கிறதே என்றேன். "நாந்தான் குண்டாயிட்டனாட்டிருக்குது" என்றாள். ஒவ்வொரு பொய்யும் முந்தியதைவிட அன்பாக இருந்தது. எனக்கு வேறு யோசனைகள் வர ஆரம்பித்தன. கோயில் பாடல் குழுவில் என் குரல் தனியாகத் தெரிகிறது என்று இவள்தான் சொன்னாள். என் ஜோக்குகளுக்குச் சிரிப்பவள் இவள்தான். இந்த இரண்டு வருடமும் இவள் எனக்குத் தெரியாமல் எதையெல்லாம் இறைத்து வெளியே ஊற்றினாளோ. அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் முந்திக்கொள்ளக் கூடாது என்று நான் முதலில் எழுந்தேன். நாங்கள் நொய்யல் வந்து சேரும் இடத்தைத் தாண்டி, நடு ஆற்றில் நங்கூரம் போட்டிருந்தோம். கரை முழுக்கச் சேறு. கீழே மணல் அள்ளிய பள்ளம், ஆழம் அதிகம். முந்திய நாள் சாயங்காலம் மாசாணம் சொல்லியிருந்தார். பரிசலில் மீன்பிடிக்கிறவர், உங்களுக்குத்தான் தெரியுமே. நான் சத்தமில்லாமல் பலகையைத் திறந்து, கிளாண்டு நட்டைக் கழற்றி, மிச்சமிருந்த கயிற்றைக் கம்பியால் உருவி எடுத்தேன். இதோ, மேஜை மேல் வைக்கிறேன். கருகியிருக்கிறதா, பாருங்கள். தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்து, படகு கீழே போக ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். தொழில்காரன் கணக்கு, தப்பவில்லை.

மாசாணம் பரிசலோடு வந்தார். கரையில் பாவாத்தாள் என்பவரின் டீக்கடை இருக்கிறது, போய்வரலாம் என்றார். ஜோவிதா அப்போதுதான் எழுந்து முகம் கழுவினாள். நான் பால் வாங்கச் சொம்பை எடுத்துக்கொண்டேன். குடிதண்ணீருக்கு வாளியை எடுத்துக்கொண்டேன். சாம்பாருக்குச் சட்டியையும் எடுத்தேன்.

"சட்டியாச்சும் வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

சொல்லியிருக்கலாம். அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க. சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

கொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதச் சொல்லுங்கள். படகு ஒழுகுகிறது என்று அவள் வாயால் என்னிடம் ஒரு தடவை சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சொன்னால் போய்க் கயிற்றைத் திணித்துவிட்டு, இருவரும் சிரித்துவிட்டு, வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்.

டீக்கடை பெஞ்சில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதலில் அவள் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா மூடியால் இறைக்கிறாள் என்பது தோள்பட்டை அசைவதில் தெரிந்தது. நடுவில் ஒருமுறை திரும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையைப் பார்த்துச் சிரித்தாள். நான் இன்னொரு டீ சொன்னேன். இட்லி நன்றாக இருந்தது, சாப்பிட்டேன்.

பாவாத்தாள், "ஏனுங்க, அந்தம்மணி என்னமோ கெடந்து பண்றாங்களே, பாருங்க" என்றார்.

"படகு கழுவறாளுங்க" என்றேன்.

"இந்நேரத்துல என்னத்துக்குக் கழுவறாங்க?"

"சுத்தக்காரிங்க அவ."

மாசாணம் எழுந்தார். நான் அவர் தோளில் கைபோட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காரவைத்தேன். அவர் நல்ல மனிதர், உட்கார்ந்தார். படகின் பின்பக்கம் அப்போதே தாழ்ந்திருந்தது. அவள் எழுந்து நின்றாள். "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாசாணம் டம்ளரைப் போட்டுவிட்டுப் பரிசலுக்கு ஓடினார். நானும் ஓடி ஏறினேன். துடுப்பை என்னிடம் கொடுங்கள், நான் வேகமாகப் போடுவேன் என்று கத்தினேன். பெண்டாட்டி மூழ்கும்போது புருஷன் கேட்டால் யார் கொடுக்காமல் இருப்பார்கள்? கொடுத்தார். பழக்கமில்லாதவன் துடுப்புப் போட்டால் பரிசல் முன்னால் போகாது, நின்ற இடத்தில் சுற்றும். அது சுற்றியது. ஒரு சுற்றில் அவளைப் பார்த்தேன், அடுத்த சுற்றில் கரையைப் பார்த்தேன், மறுபடி ஆற்றைப் பார்த்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது. மாசாணம் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்து, குதித்து, பள்ளத்தில் தேடி, மூச்சு முட்டி மேலே வந்து அழுதார். எனக்குக் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும். நான் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். துடுப்பைக் கொடுத்த தப்புக்காக மாசாணம் இன்னும் ஆற்றில் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரைக் கூப்பிட்டு, அவர்மேல் தப்பில்லை என்று நீங்கள் சொல்லவேண்டும்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஜேக் எல்லோர் முன்னாலும், "ஒழுகற படகுல எந்தங்கச்சியக் கொண்டுபோயிக் கொன்னுபோட்டாரு" என்று கதறினார். கொன்றது என்ற வார்த்தை என்னை ஒன்றும் செய்யவில்லை. முன்பாதிதான் தூங்கவிடவில்லை. இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள் பாவம் பார்த்து போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால்தான் வந்தேன். படகு ஒழுகி மூழ்கவில்லை, ஆள் மூழ்கடித்தான் என்று எழுதுங்கள். தூக்குக் கயிறானாலும் எனக்குச் சம்மதம்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. பாவாத்தாளை விசாரித்திருப்பீர்கள். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று நான் சொன்னது உங்களுக்கு இடிக்கிறது.

சரி. மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னாள். முதல் தடவை 'ஏனுங்க' மட்டும். இரண்டாவது தடவை இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏனுங்க, படகு ஒழுகுதுங்க, ஓடியாங்க" என்று கத்தினாள். தெளிவாகக் கேட்டது. எனக்கு மட்டுமல்ல, மாசாணத்துக்குக் கேட்டது, பாவாத்தாளுக்குக் கேட்டது, இட்லி தின்றுகொண்டிருந்த வழிப்போக்கர்கள் இரண்டு பேருக்குக் கேட்டது. நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் துடுப்பைக் கேட்டு வாங்கினேன். பரிசல் சுற்றும் என்று தெரிந்துதான் வாங்கினேன்.

என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை கேட்டேன். ஊரே கேட்கும்படி அப்படியா கத்துவது? நீங்களும் ஒரு வீட்டில் வாழ்கிற பெண்தான், நீங்களே சொல்லுங்கள் மேடம்.